பின்னால் நிற்பவள்

தைத்து முடித்த ஜிப்பைத் தையல்காரி பெரிட் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காதோரம் வைத்து, மேலும் கீழுமாக ஓட்டிக் கேட்கிறாள். எங்காவது ஒரு பல் இடறினால் போட்ட தையல் முழுவதையும் பிரித்துவிடுவாள். வடகோடிக் கடலோர ஊரான எங்கள் லூலியோவில் பாதி வருஷத்துக்கு மேல் குளிர். அத்தனை நாளும் ஊரே ஜிப்பைப் பூட்டுவதும் திறப்பதுமாகத்தான் காலம் தள்ளுகிறது. அங்காடியின் நகரும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அவளுடைய சின்னத் தையல் கடைக்கு வேலை குறைந்ததே இல்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு ஆகாது. வேறு யாரோ ஏற்கெனவே பழுது பார்த்த கோட்டைக் கொண்டுவந்து நீட்டக் கூடாது. நூலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"யாரு இதுல கை வச்சது?"

"வெளியூர் போயிருந்தப்போ, ஒரு அவசரத்துக்கு..." என்று வந்தவர் இழுப்பார்.

"அவசரத்துக்குப் போன எடத்துலயே மிச்சத்தையும் பாத்துக்க வேண்டியதுதானே?"

சொல்வாளே தவிர, கோட்டை வாங்கி வைத்துக்கொள்வாள். அந்த இன்னொருவரின் தையலைக் கடைசி இழைவரை உருவி எறிந்த பிறகுதான் தன் ஊசியை இறக்குவாள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நல்ல உயரம், படகு இழுப்பவருக்கு இருப்பது போன்ற தோள். மார்ச் வெயில் பட்டதும் மூக்கு நுனி தோலுரியும். கறுப்புக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, முகமூடி போட்டது போலத் தெரியும். கல்யாணம் ஒரு தரம் செய்து பார்த்தாள். அதைப் பற்றி யாராவது கேட்டால், "மீன் பிடிக்க ஐஸ்ல ஓட்டை போடுவான். என்னைப் பாத்ததைவிட அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி" என்பாள். ஓட்டையின் மேலும் பொறாமைப்படக்கூடியவள் பெரிட். அவளுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் நான் இதைச் சிரிக்காமல் சொல்வேன்.

எங்களுக்கு வசந்தம் என்பது ஐஸ் உருகுவதற்கு முன்பே வந்துவிடுகிற ஒன்று. பூவும் இலையும் பிறகு மெதுவாக வரட்டும். கடல் உறைந்து கெட்டியாகக் கிடக்கும்போதே வெயில் வந்துவிடும். ஊர் மொத்தமும் கடல்மேல் இறங்கி நடக்கும். நகராட்சி டிராக்டர் பனியைப் பெருக்கிப் போட்ட பாதையில் குழந்தை வண்டிகள், நாய்கள், சறுக்குக்காரர்கள். நடுவில் உதைவண்டிகள். முன்னால் கால்பலகை வைத்த ஒரு நாற்காலி, அடியிலிருந்து பின்பக்கம் நீளும் இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் வண்டி. ஒருவர் உட்காருவார். இன்னொருவர் பின்னால் கம்பிமேல் ஒரு காலை ஊன்றி, மறு காலால் ஐஸை உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு போவார்.

பெரிட்டின் வண்டியில் உட்காருவது சோல்வேய் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தொடங்கிய சிநேகிதம். சோல்வேயின் இடுப்பு மூட்டு தேயத் தொடங்கிய வருஷம் பெரிட் இந்த வண்டியை வாங்கினாள். கலைமான் தோலை விரித்து, அவளை உட்கார வைத்து, போர்வையைக் காலைச் சுற்றிச் செருகி, பிறகுதான் பின்னால் போய் நிற்பாள். ஒரு தடவை கால் வலிக்கிறது என்று நான் அந்த நாற்காலியில் லேசாகச் சாய்ந்தேன். "அது சோல்வேய் எடம்" என்று சொல்லித் தன் பையைத் தூக்கி அங்கே வைத்தாள்.

"மெதுவாப் போடி, குதிரை!" என்று முன்னாலிருந்து சோல்வேய் கத்துவாள்.

"கடிவாளம் குதிரைக்கு வேணாம். ஏறி உக்காந்து பேசிக்கிட்டே வர்றா பாரு, அவ வாய்க்குத்தான் வேணும்."

இந்த வருஷம் அது குலைந்தது. போன இலையுதிர் காலத்தில் சோல்வேய்க்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். லிஃப்ட் உள்ள வீடாகப் பார்த்துத் தெற்குத் துறைமுகத்துப் பக்கம் குடிபோனாள். எதிர் வீட்டுக்காரி அன்னெலி. கடல் உறையாத தெற்கிலிருந்து, மால்மோவிலிருந்து, மகன் இருக்கும் ஊர் என்று வந்தவள். வந்ததும் மஞ்சள் நிறத்தில் ஒரு உதைவண்டி வாங்கினாள். மார்ச் பிறந்ததும் சோல்வேய் அவளோடு போகத் தொடங்கினாள்.

"வண்டியில மெத்தை வச்சிருக்காளாம், மெத்தை" என்றாள் பெரிட் என்னிடம். "அப்போ நான் என்ன இவ்வளவு வருஷமா அவளை முள்ளு மேலயா உக்கார வச்சேன்?"

அவள் சமையலறை ஜன்னலிலிருந்து ஐஸ் பாதை தெரியும். அந்த ஜன்னலைத் துடைக்கும் வேலை திடீரென்று தினமும் வந்துவிட்டது.

"உனக்குத்தான் தூரத்துப் பார்வை நல்லாருக்கே, அந்த செவப்புத் தொப்பி யாரு?"

"சோல்வேய்தான்."

"எனக்கென்ன, யார்கூட வேணா போகட்டும். வெயில் எப்படி இருக்குன்னுதான் கேட்டேன்."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அடுத்த வாரம் டிராக்டர் வராது, பாதையை மூடுகிறோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. வழக்கம்போல எதிர்த்தீவில் படகுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, தொத்திறைச்சி சுட்டுத் தின்று, பருவத்தை முடித்துவைக்க வேண்டும். சோல்வேய் ஃபோன் செய்து, தான் அன்னெலியோடு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். பெரிட் தன் வண்டியின் நாற்காலியில் விறகுக் கட்டை உட்கார வைத்துப் பட்டை போட்டுக் கட்டினாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

தீவில் நெருப்பு மூட்டிக் கெண்டியில் காபி கொதித்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் மஞ்சள் வண்டி தெரிந்தது. பெரிட் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அன்னெலி. பின்னால் நின்று, தொப்பி பிடரிக்குச் சரிய, வாயெல்லாம் பல்லாக உதைத்துக்கொண்டு வந்தது சோல்வேய்.

காபி பொங்கி நெருப்பில் வழிந்தது.

"இடுப்புல இரும்பு வச்சிருக்கா" என்றாள் பெரிட். "அவளைப் போய் மாடு மாதிரி..."

"பாத்தியாடி!" சோல்வேய்க்கு மூச்சு வாங்கியது. "துறைமுகத்துலேருந்து பாதி தூரம் நான்தான்!"

"பாத்தேன், பாத்தேன். உக்காந்து வந்தவங்களுக்குக் கால்ல ஏதும் கோளாறா?"

"ஐயோ, இல்லீங்க" என்று அன்னெலி சிரித்தாள். "அவங்கதான் கேட்டாங்க. எனக்கும் உக்காந்து வர சொகமா இருந்துச்சு."

பெரிட் எல்லோருக்கும் காபி ஊற்றினாள். காபியில் ஊறப் போடும் பாலாடைக்கட்டித் துண்டுகளைச் சோல்வேயின் கோப்பையில் கையளவு போட்டாள். அன்னெலியின் கோப்பையில் ஒன்று விழுந்தது.

ஏப்ரல் வெயிலில் உதைவண்டியை நிமிர்த்தி நிறுத்தக் கூடாது. கம்பி சூடேறி ஐஸை உருக்கிக்கொண்டு கீழே இறங்கும். நிழல் வந்ததும் உருகிய தண்ணீர் மறுபடி இறுகி வண்டியைக் கவ்விக்கொள்ளும். இங்கே வளர்ந்தவர்கள் யோசிக்காமலே சாய்த்துப் போட்டுவிடுவார்கள். பெரிட்டும் போட்டிருந்தாள். அன்னெலி, கொட்டகையின் மூலைக்கு அந்தப் பக்கம், தன் வண்டியை நிமிர்த்தியே நிறுத்திவிட்டு வந்திருந்தாள். சோல்வேய் உட்கார்ந்த இடத்துக்கு அது தெரியாது. அடுப்போரம் இருந்த எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிடு, ஆறிடும்" என்று பெரிட் என் கையில் தொத்திறைச்சியைத் திணித்தாள்.

நல்ல வெயில். சுவரின் மரப்பலகை முதுகுக்கு இதமாகச் சுட்டது. கூரைப் பனி சொட்டிக்கொண்டே இருந்தது. கோட்டைத் திறந்துபோட்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து வரிசையாகக் கிடந்தோம். பெரிட் மட்டும் கண்ணை மூடவில்லை.

"எங்க ஊர்ல இப்போ மரமெல்லாம் பூத்திருக்கும்" என்றாள் அன்னெலி.

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

"பெரிட்!" என்றாள் சோல்வேய், கண்ணைத் திறக்காமலே.

"சும்மா கேட்டேன்பா."

ஊசியிலை மரங்களின் நிழல் கொட்டகை மூலையைத் தாண்டி நன்றாகப் படர்ந்த பிறகு எழுந்தோம். மஞ்சள் வண்டி அசையவில்லை. அன்னெலி இழுத்தாள், சிரித்தாள், மறுபடி இழுத்தாள், பிறகு சிரிக்கவில்லை. பெரிட் தன் வண்டியை ஒரு கையால் நிமிர்த்திக்கொண்டு வந்தாள். விறகு தீர்ந்து நாற்காலி காலியாக இருந்தது. கலைமான் தோலை உதறி விரித்தாள். அவள் குரல் அவ்வளவு இனிப்பாக நான் கேட்டதில்லை.

"வா சோல்வேய், நீ உக்காரு. அவங்க வண்டியை எடுத்துக்கிட்டு மெதுவா வரட்டும்."

சோல்வேய் குனிந்து கம்பிகளைப் பார்த்தாள். நிமிர்ந்து, அடுப்போரம் நாங்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அங்கேருந்து இது தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பப் பாத்தே?"

"நிறுத்தும்போதே."

"ஏன்டி சொல்லல?"

"மெத்தை வச்ச வண்டி ஆச்சே. எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அன்னெலி தன் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோல்வேய் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"உன் வண்டியில நான் உக்கார மாட்டேன், பெரிட்."

பெரிட் தோலை இன்னொரு தரம் நீவிவிட்டாள், அதில் ஏதோ சுருக்கம் இருப்பது போல.

"டாக்டரே நல்லா நடன்னு சொல்லிட்டாருன்னு பிப்ரவரியிலயே உங்கிட்ட சொன்னேன். ஒரு தரம் நான் பின்னால நிக்கிறேன்டின்னு கேட்டேன். விட்டியா நீ? போர்வையைச் சுத்தி மூட்டை மாதிரி கட்டினே. இவகிட்ட கேட்டேன், ஒடனே எறங்கிக் குடுத்தா. அவ்வளவுதான் விஷயம். மெத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"விழுந்தீன்னா?"

"விழுந்தா எந்திரிப்பேன்."

பெரிட் தோலிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அப்போ நான் எங்க நிக்கிறது?" என்றாள்.

கடை வைத்திருக்கிற, யாரையும் வாயால் மடக்குகிற பெண் கேட்ட கேள்வி போலவே அது இல்லை.

"நிக்க வேணாம்" என்றாள் சோல்வேய். "உக்காரு."

பெரிட் தணல்மேல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்த காபிக் கெண்டியை எடுத்துவந்தாள். அன்னெலியின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"ரெண்டு கம்பி மேலயும் ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்."

"இவ்வளவு நல்ல காபியை..."

"ஊத்துங்கன்னா ஊத்துங்க."

நானும் அன்னெலியும் ஊற்றி, ஆட்டி, வண்டியைப் பிடுங்கி எடுப்பதற்குள் அவர்கள் பெரிட்டின் வண்டியில் புறப்பட்டிருந்தார்கள். எட்டிப் பிடித்துப் பக்கத்தில் வந்தோம். பெரிட் வகுப்பு ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த பள்ளிப் பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்தாள், எடுத்தாள், நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள். பின்னால் சோல்வேயின் மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்டது.

"அவளை இதைவிட வேகமாத் தள்ளினியா?" என்றாள் பெரிட், திரும்பாமல்.

"பேசாம வாடி."

மேடான ஓர் இடத்தில் வண்டி தயங்கியது. சோல்வேய் அடுத்த உதைக்குக் காலை எடுப்பதற்கு முன், கால்பலகையிலிருந்து பெரிட்டின் வலது கால் தானாக இறங்கி ஐஸை ஒரு உதை உதைத்தது.