லாபம், இரண்டு, மூன்று

எங்கள் பக்கம் நெல் அளக்கிறவர்கள் ‘ஒன்று’ என்று சொல்லி அளவைத் தொடங்க மாட்டார்கள். முதல் மரக்கால் விழும்போது ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று. கல்லல் தங்கச்சாமி இதில் ரொம்பக் கறார். அவர் மகள் பொன்னழகு சின்னப் பிள்ளையாக இருந்தபோது களத்து ஓரமாக நின்று விளையாட்டுக்கு ‘ஒண்ணு’ என்று கத்திவிட்டாள். மனுசன் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு வந்து முதுகில் ஒரு போடு போட்டார்.

“குடும்பம் ஒத்தையா நிக்கணுமா? அளக்குற இடத்துல அந்தச் சொல்லே வரப்படாது, தெரியுதா?”

அதோடு சரி. உலைக்கு அரிசி அளக்கும்போதுகூட அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை.

பொன்னழகுக்குப் படிப்பு வந்தது. அதிலும் கணக்கு என்றால் உசிர். தினமும் ரயிலேறிக் காரைக்குடிக்குப் போய்ப் படித்தாள். கூடப் போனவள் கல்லல் கடைத்தெருவிலிருந்து வந்த அஜீஸா. ரயில் பெட்டியில் அஜீஸா ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வாள், பொன்னழகு அதை உடைத்துப் போடுவாள். நாற்பத்திரண்டா? இரண்டு, மூன்று, ஏழு. அறுபத்து மூன்றா? மூன்று, மூன்று, ஏழு. இதற்கு மேல் உடைபடாது என்று வந்து நிற்கும் பகா எண்களைக் கண்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் கணக்கு டீச்சர், “ஒன்று பகா எண் கிடையாது. எண்ணைப் பிரித்து எழுதும்போது ஒன்றைச் சேர்க்காதீர்கள்” என்றார். பொன்னழகுக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பா களத்தில் சொன்னதைப் புத்தகமும் சொல்கிறதே! டீச்சர் சொன்னது பகா எண்ணுக்கு மட்டும்தான். இவள் அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாள்.

அல்ஜீப்ரா வந்தது. எல்லா உறுப்பிலும் பொதுவாக இருப்பதில் ஆகப் பெரியதைக் கண்டுபிடி, அதை வெளியே எடு, மிச்சத்தை அடைப்புக்குள் எழுது. ஏழு எக்ஸ் கூட்டல் ஏழு என்றால் ஏழு வெளியே வந்துவிடும். உள்ளே ஒரு எக்ஸ் நிற்கும். இன்னொரு ஏழைத்தான் முழுசாக எடுத்தாயிற்றே, அங்கே என்ன இருக்கும்? ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டாள். நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. அடுத்த தடவையும் விழுந்தது. ஏன் என்று கேட்டுத் தொலைத்திருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கவில்லை பாவி மகள். வகுப்பில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்க வெட்கம். பள்ளிக்கூடம் விட்டதும் நின்று கேட்கலாம் என்றால் ரயில் போய்விடும்.

அந்த வருசம் அறுபத்து மூன்று. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முதல் நாள் தங்கச்சாமி மகளைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, பாஸ் பண்ணிட்டியன்னா டீச்சர் டிரெய்னிங் சேத்துவிடுறேன். ஊரு என்ன பேசுனாலும் நான் பாத்துக்கிறேன். பெயிலாயிட்டா உன் மாமன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். பெறகு எம்மேல வருத்தப்படப்படாது.”

மாமன் என்றால் நாட்டரசன்கோட்டைச் சின்னக்கருப்பு, அவள் அம்மாவின் தம்பி. பெண்டாட்டி செத்து ரெண்டு பிள்ளைகளோடு இருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் பொன்னழகின் கனவில் கரும்பலகையும் சாக்பீசும்தான் இருந்தன, மாமன் எந்த மூலையிலும் இல்லை.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. நாற்பத்திரண்டு எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் அறுபத்து மூன்று எக்ஸ், கூட்டல் இருபத்தொன்று. காரணிப்படுத்துக. அவள் சிரித்துக்கொண்டாள். ரயிலில் உடைத்த எண்கள்தானே! பொது இருபத்தொன்று, சட்டென்று வெளியே எடுத்தாள். உள்ளே இரண்டு எக்ஸ் ஸ்கொயரும் மூன்று எக்ஸும் எழுதினாள். கடைசி இருபத்தொன்று முழுசாக வெளியே வந்துவிட்டது, அதனால் அங்கே எதுவும் எழுதவில்லை. மிச்சம் இருந்த இரண்டிலும் ஒரு எக்ஸ் பொதுவாகத் தெரிந்தது. அதையும் வெளியே எடுத்து, அழகாக அடிக்கோடு போட்டு முடித்தாள்.

பேப்பரில் அவள் நம்பர் வரவில்லை. அஜீஸா நம்பர் வந்திருந்தது. பிறகு மார்க் வந்தபோது மற்றதெல்லாம் நல்ல மார்க், கணக்கு மட்டும் முப்பது. முப்பத்தைந்து வேண்டும். அந்தக் காரணிக் கணக்குக்கு ஐந்து மார்க்.

“அப்பா, அக்டோபர்ல இன்னொரு தடவ எழுதுறேன்ப்பா. நீங்க மட்டும் சரின்னு சொன்னீகன்னா...”

“பேசுனது பேசுனதுதான் ஆத்தா” என்றார் தங்கச்சாமி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கலங்கி என்ன செய்ய? ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? மாடு, வயல், மாமனின் மூத்த பெண்டாட்டி விட்டுப்போன பிள்ளைகள், அவள் பெற்ற பிள்ளைகள். பத்து வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்பா சாவுக்குக் கல்லல் வந்து திரும்பும்போது ஸ்டேஷனில் அஜீஸாவைப் பார்த்தாள். கையில் குடை, தோளில் பை. டீச்சராகி இருந்தாள். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் ஒரு மூச்சு அழுதார்கள். பிறகு பொன்னழகு கேட்டாள். இத்தனை வருசமாக நெஞ்சில் கிடந்தது அதுதான்.

“ஏ புள்ள, அந்தக் காரணி கணக்கு, இருபத்தொண்ணு பொதுவா வருமே, நீ என்ன எழுதுன?”

அஜீஸா சிரித்தாள். “அதுவா? உள்ள ரெண்டு எக்ஸ் ஸ்கொயர், மூணு எக்ஸ், ஒண்ணு. பெறகு அதை ரெண்டு அடைப்பா பிரிச்சேன்.”

“ஒண்ணா? இருபத்தொண்ணைத்தான் முழுசா எடுத்தாச்சே. அங்குட்டு என்ன இருக்கும்?”

“அட கூறுகெட்டவளே, திருப்பிப் பெருக்கிப் பாரு! உள்ள ஒண்ணு இல்லாட்டி உன் இருபத்தொண்ணு எப்படித் திரும்பி வரும்? எம் புள்ளைகளும் இதத்தான் விட்டுட்டு வருதுக. நானும் தெனம் கத்துறேன்.” சொல்லிவிட்டுத்தான் அஜீஸா பொன்னழகின் முகத்தைப் பார்த்தாள். “ஏன் புள்ள? நீ என்ன எழுதுன?”

“ஞாபகமில்ல” என்றாள் பொன்னழகு. ரயில் வந்துவிட்டது.

ரயில் நெடுக மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எப்படிப் பெருக்கினாலும் அஜீஸா சொன்னதுதான் சரி. யார் மேல் கோபப்படுவது? அப்பா செத்துப்போனார். டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு உலை வைத்தாள். அரிசிப் பானையில் படியை விட்டு அள்ளிச் சுளகில் கொட்டினாள்.

“ஒண்ணு” என்றாள், சத்தமாக.

தின்பண்டம் கேட்டு வந்த பிள்ளை அப்படியே நின்றது. வாசலிலிருந்து சின்னக்கருப்பு எட்டிப் பார்த்தான்.

“ஏ புள்ள, புத்தி கெட்டா போச்சு? செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்ற சொல்லா அது? புள்ளைக இருக்குற வீடு.”

பொன்னழகு சுளகில் கிடந்த அரிசியைப் பானையில் திருப்பிக் கொட்டினாள். மறுபடியும் படியை விட்டு அள்ளினாள்.

“லாபம்” என்றாள்.