பீவிம்மாவுக்கு ‘வா’, அம்மாவுக்கு ‘வாங்க’

ஒச்சம்மாளும் சீனிச்சாமியும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிகள் நிறைந்த அருள்புரத்துக்குப் பிழைக்க வந்தது எண்பத்தேழாம் வருஷம் தை மாதம். கையில் ஒரு வயசுப் பெண் குழந்தை. பெயர் சந்தனம். ஞானாம்பாள் என்கிற அம்மாளின் லைன் வீடுகளில் கடைசிக்கு முந்தின வீடு காலியாக இருந்தது. ஒரே அறை, தகரக் கதவு, பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

சீனிச்சாமிக்கு நிட்டிங் மிஷினில் ராத்திரி வேலை. பகலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். ஒச்சம்மாளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் வெளியே விடுவார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று வாசலில் நின்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு சபுரா பீவி எட்டிப் பார்த்தாள்.

சபுராவுக்கு நாற்பது வயசு இருக்கும். புருஷன் பசீர் அகமது கம்பெனி கம்பெனியாகப் போய்த் துண்டுத் துணி வாங்கி விற்பவர். மகன்கள் இரண்டு பேரும் தலையெடுத்து ஈரோட்டில் துணிக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டார்கள். சபுரா வீட்டில் உட்கார்ந்தபடியே தைத்து வந்த பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவாள்.

“ஏனுங், புள்ளைய இங்க உட்டுட்டுப் போங்க. நா ஊட்டுலதான இருக்கறேன்?” என்றாள்.

கூலி பேசப்போனதற்கு, “அட, போங்க அக்கட்டால” என்று சொல்லிக் குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தெய்வம் மாதிரி வந்தாள் என்றுதான் அன்றைக்கு ஒச்சம்மாள் நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

பிள்ளை தேறி வந்தது. கன்னத்தில் சதை வைத்தது. அது முதலில் சந்தோஷமாக இருந்து, பிறகு உறுத்த ஆரம்பித்தது. தன்னிடம் இருந்தபோது வைக்காத சதை அங்கே போய் வைக்கிறதே என்று. ராத்திரி வேலை விட்டு வரும்போது சந்தனம் அநேகமாகத் தூங்கிப்போயிருப்பாள். தூக்கித் தோளில் போட்டால் தலையில் சபுரா தேய்த்துவிட்ட எண்ணெயின் வாசம் அடிக்கும். உள்ளங்கையில் புதுசாக மருதாணி சிவந்திருக்கும். யாரோ சீவிச் சிங்காரித்த பொம்மையை இரவல் வாங்கி வருகிற மாதிரி இருக்கும் ஒச்சம்மாளுக்கு.

பேச்சு வந்த பிறகுதான் வினையே. சந்தனத்தின் வாயில் உசிலம்பட்டிப் பேச்சு ஒரு சொல்லும் வரவில்லை. பெரியவர்களை வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்று சபுரா பழக்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பிய ஒச்சம்மாளைப் பார்த்து, “வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டது பிள்ளை. சீனிச்சாமி விழுந்து விழுந்து சிரித்தான். ஒச்சம்மாளும் சிரித்தாள். அதே நிமிஷம் பக்கத்து வாசலில் சபுரா தலை தெரிந்தது.

“பீவிம்மா, இங்க வா! இதப் பாரு வா!” என்று கூவிக்கொண்டு ஓடினாள் சந்தனம்.

ஒச்சம்மாள் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். அவளுக்கு ‘வா.’ எனக்கு ‘வாங்க.’ பெற்றவளை விருந்தாளியாக உட்காரச் சொல்லிவிட்டு, வளர்த்தவளை உரிமையாகக் கூப்பிட்டுக்கொண்டு போகிறது பிள்ளை.

“சின்னப்புள்ள பேச்சுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்குவியாடி?” என்றான் சீனிச்சாமி.

“ஒங்களுக்கென்ன, பகலெல்லாம் தூங்குறீக” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவளுக்கு அந்தக் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் பிள்ளை மூக்கைச் சுளிக்கும். சபுரா அனுப்பிய தேங்காய்ப்பால் சோற்றை வழித்து நக்கும். தலை பின்னிவிட்டால், “பீவிம்மா இழுக்காம பின்னும்” என்று சொல்லும். சித்திரையில் அவிநாசித் தேருக்குக் கூட்டிப் போனால், கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, “பீவிம்மாளுக்கு என்ன வாங்கிட்டுப் போலாமுங்கம்மா?” என்று கேட்கும்.

ஒருதரம் பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். ஒச்சம்மாள் கம்பெனிக்கு லீவு போட்டு மடியிலேயே வைத்திருந்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சபுராவின் கத்தரிக்கோல் சத்தம். கஞ்சியோடு சபுரா வந்து கதவைத் தட்டினாள். ஒச்சம்மாள் கதவைப் பாதி திறந்து, “இப்பத்தேன் தூங்குது. அப்பறமா வாங்க” என்றாள். உள்ளேயிருந்து, “நா தூங்குல பீவிம்மா” என்று ஒரு ஈனக் குரல் வந்தது. சபுரா கஞ்சியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சந்தனத்துக்கு ஐந்து வயசு நடக்கும்போது ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் போய், சாயங்காலமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையைப் பார்க்கப்போகிறோம் என்று ஒச்சம்மாள் எட்டிப் போட்டு நடந்தாள். சபுரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சந்தனம். எதிரே புதுசாக வந்த பூக்காரி ஒருத்தி பூவை முழம் போட்டுக்கொண்டே, “மகளுங்களா? உங்க சாடையே இருக்குதுங்” என்றாள்.

“ஆமாங். எம் மகதான்” என்றாள் சபுரா. சொல்லி முடிக்கும்போதே ஒச்சம்மாளைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று. “சும்மா, பேச்சுக்குச் சொன்னனுங் ஒச்சம்மா...”

ஒச்சம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை, லைனின் அந்தக் கோடியில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மயிலாள் வீட்டில் சந்தனத்தைக் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டே வந்தது. “ஏனுங்கம்மா பீவிம்மா ஊட்டுக்குப் போகுல? ஏனுங்?”

“பீவிம்மாவுக்கு ஒன்னைய வேணாமாம். நீ ரொம்பச் சேட்டை பண்றியாம். வேற எங்கிட்டாச்சும் கொண்டுபோய் விடுங்கன்னு சொல்லிருச்சு” என்றாள் ஒச்சம்மாள்.

சொன்னபோது நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பிள்ளை அழும், சமாதானப்படுத்தலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம் என்று எதிர்பார்த்தாள். சந்தனம் அழவில்லை. எந்தக் கை சேட்டை பண்ணியது என்று தேடுகிற மாதிரி, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சபுரா வந்து கேட்டாள். “ஏனுங், புள்ளைய அங்க உட்டிருக்கறீங்க?”

“ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதேன்.”

“சிரமம்னு நா சொன்னனா?”

ஒச்சம்மாள் அரிசி களைவதில் மும்முரமாக இருந்தாள். சபுரா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு மயிலாள் வீட்டுப் பக்கம் அவள் நடந்தால் சந்தனம் ஓடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மயிலாளே வந்து இதைச் சொன்னாள். ஒச்சம்மாளுக்கு அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

பிள்ளையும் தங்கமாக மாறியிருந்தது. தன் தட்டைத் தானே கழுவி வைத்தது. கருவாட்டுக் குழம்பை முகம் சுளிக்காமல் தின்றது. தலை பின்னும்போது எவ்வளவு இழுத்தாலும் வாய் திறக்கவில்லை. ராத்திரி அவள் வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தது. “பாத்தீகளா, எம்பிள்ளை எங்கிட்ட வந்துருச்சு” என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள். சீனிச்சாமி, “என்னமோ, முன்ன மாதிரி வாய் பேசக் காணோமே” என்று மட்டும் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெருமை உடைந்தது. நல்ல தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். அடித்துப் பிடித்து நிரப்பி வைத்த குடத்தில் சந்தனம் தம்ளரால் மொள்ளப் போய், குடம் சாய்ந்து மொத்தமும் அறையெங்கும் ஓடிற்று. “அடிப் பாவி மகளே!” என்று கத்திக்கொண்டு ஒச்சம்மாள் திரும்பினாள். பிள்ளை தரையில் விழுந்து தன் கவுனாலேயே தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“இனிமே சேட்டை பண்ண மாட்டனுங்கம்மா. என்னைய வேண்டாம்னு சொல்லீராதீங்கம்மா. நீங்களும் வேண்டாம்னுட்டா நா யாரு ஊட்டுக்குப் போவனுங்?”

சத்தத்தில் எழுந்து உட்கார்ந்த சீனிச்சாமி, “யாரு ஒன்னைய வேணாம்னது?” என்று பிள்ளையைக் கேட்டான். பிள்ளை சுவரைக் காட்டிற்று. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஈரக் கவுனோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒச்சம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சபுரா பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இறக்கிவிட்டதும் சந்தனம் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றது.

“நா உள்ள வரலாமுங்களா?” என்று கேட்டது. “சேட்டை பண்ண மாட்டனுங்.”

கத்தரிக்கோல் நின்றது. நாலு வருஷமாக அந்தப் பிள்ளை சபுராவிடம் ஒரு ‘ங்க’ சொன்னதில்லை. அதைக் கேட்கத்தானே ஒச்சம்மாள் ஏங்கியது? கேட்டதும் அவள் பிள்ளையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன சொல்லி வெச்சீங்க புள்ளகிட்ட?” என்றாள் சபுரா.

“நீங்க வேணாம்னு சொன்னதா நாந்தேன் சொன்னேன். நீங்க சொல்லலை. ஏத்தா சந்தனம், பீவிம்மா சொல்லலைடி. அம்மா பொய் சொன்னேன்.”

சபுரா எழுந்து வந்தாள். அதுவரை ஒச்சம்மாளை ஒருநாளும் ஒருமையில் பேசாதவள் அவள். “எம்மேல வயித்தெரிச்சல்னா எங்கிட்டச் சண்டைக்கு வந்திருக்கோணும் நீ. இத்துனூண்டு புள்ள தலைமேல எதுக்கு ஏத்தி வெச்சே?”

“வயித்தெரிச்சல்தேன். யாரு இல்லேன்னா? பெத்தது நானு. என்னைய வாங்க, உக்காருங்கன்னு மூணாம் மனுசி மாதிரி பேசுது. ஒங்கள வா போங்குது. பொறுக்கலை.”

சபுரா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அம்மாளுக்கு மரியாதை குடுக்கோணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நல்லதுன்னுதான் நெனச்சேன்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னிக்குப் பூக்காரிகிட்டச் சொன்னது பேச்சுக்கில்ல. ஆசைக்குத்தான் சொன்னேன். அது எந் தப்பு. நாளைக்கிருந்து புள்ளைய இங்க உடு. எங்கூடப் பேச வேண்டாம்” என்றாள். குனிந்து சந்தனத்தை உள்ளே இழுத்து, ஈரக் கவுனைக் கழற்றி, குவியலில் இருந்து ஒரு பனியனை எடுத்துத் துடைத்துவிட ஆரம்பித்தாள்.

பிள்ளை அங்கே திரும்பப் போயிற்று. ஆனால் பழைய ‘வா’ அதன் வாயில் வர ஆறேழு மாசம் ஆயிற்று. ஒச்சம்மாள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும் என்று கேட்டாள். “அப்ப டைலர் ஆகறத மறந்துருங்க. கடைசி வரைக்கும் செக்கிங்தான்” என்றார் சூப்பர்வைசர். சரி என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாள். சபுரா அவளோடு பேசாத கோபம் அடுத்த ரம்ஜான் வரை நீடித்து, அவள் கொண்டுவந்து நீட்டிய நோன்புக் கஞ்சித் தூக்கோடு முடிந்தது. ஒச்சம்மாளின் பொறாமை முடியவில்லை. அதை வெளியே விடாமல் பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகினாள், அவ்வளவுதான். பிள்ளை அவளை இன்னமும் ‘வாங்க’ என்றுதான் சொல்லிற்று. எட்டு வயசில், நல்ல மனநிலையில் இருந்தால் மட்டும், எப்போதாவது ஒரு ‘வாம்மா’ வந்தது. அன்றைக்கெல்லாம் ஒச்சம்மாள் செக்கிங் மேஜையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்று நாலில் கடைசி வீட்டுக்கு மூக்கம்மாள் என்கிற பெண் குடிவந்தாள். தூத்துக்குடிப் பக்கம். கையில் ஆறு மாசக் குழந்தை. இவளும் கம்பெனி வேலைக்குத்தான். சபுரா கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் போயிருக்கும். வேலை விட்டு வந்த ஒச்சம்மாள், பள்ளிக்கூடப் பையோடு சந்தனம் தங்கள் வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். காலையில் பின்னிய தலை கலைந்து கிடந்தது.

“பீவிம்மா ஊட்டுக்குப் போகலையாடி?”

“போனேனுங். பாப்பாவுக்குப் பாலு குடுத்துட்டு இருந்துச்சு. என்னையப் பாக்கவே இல்லீங்” என்றாள் சந்தனம். உதடு பிதுங்கியது.

ஒச்சம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். “ஏக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு வாய் டீத்தண்ணி குடுத்தீகளா? நேத்து வந்த குழந்தை ஒங்களுக்குப் பெருசாப் போச்சு, நம்ம பிள்ளை வாசல்ல காஞ்சு கெடக்குது!”

சபுரா அண்ணாந்து பார்த்தாள். “நம்ம புள்ளையா?” என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. “குடுங்க இதை இங்கிட்டு” என்று குழந்தையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சபுரா டீ போட்டுக் கொடுத்து, சந்தனத்தை முன்னால் உட்கார வைத்து, கலைந்த தலையை அவிழ்த்துச் சீவத் தொடங்கினாள். “இழுக்காத பீவிம்மா” என்றது பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒச்சம்மாள் மடியிலேயே தூங்கிப்போயிற்று. மூக்கம்மாள் வேலை விட்டு வந்து வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றாமல், தூங்குகிற குழந்தையையும் அது கிடந்த மடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒச்சம்மாளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவளும் தூங்கிய பிள்ளையையே தூக்கிப் போக வேண்டாம் என்று, குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். அது வீறிட்டு விழித்துக்கொண்டது. “இந்தா, ஒங்க ஆத்தா வந்துருச்சு பாரு” என்று சொல்லி அழுகையோடு தூக்கி மூக்கம்மாள் கையில் கொடுத்தாள்.