இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

அலுவலகத்தில் அவருக்குப் பசை என்று பெயர். மொட்டை மாடியில் டிஷ் மாட்டி டிவி சேனல்கள் தரும் கம்பெனி அது. "கனெக்‌ஷன் வேண்டாம்" என்று போன் செய்கிறவர்களைப் பேசிப் பேசியே போகவிடாமல் செய்வதுதான் அவர் வேலை. ஒட்டிக்கொண்டால் லேசில் விடமாட்டார். டிவியே உடைந்துவிட்டது என்றவரைக்கூட இன்னும் சில மாதம் கட்டணம் கட்ட வைத்திருக்கிறார்.

இப்போது கூப்பிடுகிறவர்கள் வேறு ரகம். "எல்லாம் இன்டர்நெட்லயே வருதே சார், வேணுங்கிறப்ப பாத்துக்கறோம்" என்பார்கள். இவர்களைப் பிடித்து வைப்பது பசைக்கே கஷ்டம். ஒரு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பேசிய பிரிவில் நாலு பேர்தான் மிச்சம். மாதக் கடைசியில் அதிலும் ஒருவரைக் குறைக்கப் போகிறார்கள். வாடிக்கையாளர்களை அதிகம் இழந்தவர் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கணக்கில் பசையும் பக்கத்து சீட்டுக்காரரும் சமமாக முன்னால் நின்றார்கள். இனி ஒருத்தர் கைநழுவினாலும் போச்சு.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மனைவி பயந்துவிடுவாள் என்று நினைத்தார். ஆண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. பேசிப் பிழைப்பவருக்கும் வீட்டு வாசலில் வாய் அடைத்துப்போகும். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் டிவி வாங்கலாம் என்று மனைவியும் மகளும் அரித்தபோதெல்லாம் "பாக்கலாம்" என்று சொல்லியே ஓட்டினார்.

மாதத்தின் கடைசி நாள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டியதும் முதல் அழைப்பு.

"வணக்கம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. சொல்லுங்க மேடம்."

"கனெக்‌ஷனை நிறுத்தணும், சார்." அந்த 'சார்' சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது. அவருடைய மனைவி. கனெக்‌ஷன் அவள் பெயரில்தான் இருந்தது. நாலே பேர் இருக்கிற இடத்தில் அவரிடமே வந்து மாட்டியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

பசை வழக்கமான வரியை எடுத்துவிட்டார்.

"மேடம், உங்களுக்காக ஒரு சலுகை..."

"ஒரு மாசம் இலவசம். வேண்டாம்."

"அப்படின்னா பாதி விலைக்கு..."

"அதுவும் வேண்டாம். அடுத்து, குடும்பமா உக்காந்து பாக்கற சுகமே தனின்னு ஆரம்பிப்பீங்க."

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளராக நடித்து அவரைத் தயார் செய்தவள் அவள்தான். அவர் திணறினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். பசை ஒட்டாத ஒரே ஆள்.

ஒரு வாக்கியம் போதும். 'நீ போனா என் வேலை போயிடும்.' அந்த நொடியே போனை வைத்துவிடுவாள். ஆனால் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி வாடிக்கையாளரைக் கெஞ்சினால் அதற்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கண்ணாடி அறையில் சூப்பர்வைசரும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார், யார் பேச்சைக் கேட்கிறாரோ தெரியாது. ரகசியமாக மெசேஜ் அனுப்பலாம் என்றால், செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"மேடம், நாளைக்குக் கூப்பிட முடியுமா?"

"எதுக்கு? இன்டர்நெட் ஆள் வந்து ஹால்ல நிக்கறார்."

"வீட்ல எல்லாரையும் கேட்டுட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் ஏதாவது..."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார் சார். கேட்டா பாக்கலாம்பார்."

காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்தாக வேண்டும். "கட்டணம் கட்டுப்படியாகலையா மேடம்?"

"சேச்சே. எங்க வீட்டுக்காரருக்கு நல்ல வேலை. அவர் இருக்கறப்ப எங்களுக்கு என்ன குறை?"

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கனெக்‌ஷனைத் துண்டிக்கும் பட்டனை அழுத்தினார். நன்றி சொல்லிவிட்டு, "சேவை எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு எண்ணை அழுத்துங்க மேடம்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "அந்த அம்மா அஞ்சு குடுத்திருக்காங்க. நல்லாத்தான் பேசினீங்க. ஆனா ஆள் போயிட்டாங்களே." அதற்கு மேல் மேஜையைப் பார்த்துத்தான் பேசினார். பாவம், அவரும் எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வார்.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கையைப் பிடித்து டிவி முன்னால் இழுத்துப் போனாள். திரையில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பொம்மைப் படம். மீசை வைத்த கரடி ஒன்றின் கீழே 'அப்பா' என்று இருந்தது. அதற்குள் போனால் அவருக்குப் பிடித்தது மட்டும் வருமாம். சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர் கரடியைப் பார்த்தபடி நின்றார்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களை எப்படி மடக்கினேன் பாத்தீங்களா? பாவம்னு கடைசில அஞ்சு அழுத்தினேன். வேலைல உங்களுக்கு உதவியா இருக்கும்ல?"

"இருக்கும்" என்றார் அவர்.