கொசுவலைக்குப் பின்னால்

அடுப்பில் பால் காயும் நேரத்தில் தையல்காரம்மா கொல்லைப்புற ஜன்னலில் போனோடு நிற்பது பதினோரு வருஷப் பழக்கம். வெயில் காலத்து மைனா, மழையில் நனைந்த காக்கை எல்லாவற்றையும் கொசுவலை வழியாகவே படம் எடுப்பாள்.

"உன் பறவையெல்லாம் ஜெயில்ல இருக்குடி" என்று கேலி பேசும் எலெக்ட்ரீஷியன் புருஷன், ஒருநாள் ஆசையாக வலையைக் கழற்றிவிட்டார். கொய்யா மரத்தில் அடைகாத்த கொண்டைக்குருவி அவள் முகத்தைக் கண்டதும் பறந்துவிட்டது. முட்டைகள் ஆறிவிடுமே என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, வலை இருந்ததாலதாங்க அதுக்கு நான் தெரியல!"

அவர் வலையை மறுபடி மாட்டினார். சிறிது நேரத்தில் குருவி திரும்பி வந்து உட்கார்ந்தது. சில நாளில் இரண்டு குஞ்சு பொரித்தது.

இன்றைக்கும் அவள் படங்களில் பறவைகள் கட்டம் கட்டமாகத்தான் இருக்கின்றன.