சப்பாத்துப் போட்ட மனிசன்

பைபர் தோணிகளில் பழுது பார்க்க வருபவர் அவர். எல்லோரும் வெறுங்காலில் திரியும் சாய்ந்தமருதுக் கடற்கரையில் காலில் சப்பாத்துப் போட்ட ஒரே மனிசன். சட்டைப் பையில் பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு முள் கவராயம் ஒன்று இருக்கும். கதைக்கும்போது அதைத் திறந்து திறந்து மூடுவார்.

ஒருமுறை என் மச்சான் மறுநாள் கடலுக்குப் போகத் தோணியில் இஞ்சின் பூட்டியிருந்தான். தோணியின் அடியில் மயிரிழை போல ஒரு கீறல். அவர் தோணியை இரண்டு கட்டைகளில் ஏற்றி, கீறலின் இருபுறமும் புள்ளி குத்தி, கவராயத்தை அந்த அளவுக்கு விரித்துத் திருகாணியை இறுக்கினார். எங்களில் எட்டுப் பேரைத் தோணியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"விரிஞ்சிரிக்கி."

"பாரம் ஏறினா விரியாதா?" மச்சான் கத்தினான்.

"விரியும். இறங்கினா சுருங்கோணும். பைபருக்கு உள்ளுக்க இரிக்கிறதும் மருதமுனைச் சாரன் மாதிரி நெய்த துணிதான், கண்ணாடி நூலால. நூல் அறுந்தா சுருங்காது."

இறங்கினோம். கவராயத்தை மச்சானிடமே கொடுத்தார். ஒரு முள் புள்ளியில் விழுந்தது, மற்றது அடுத்த புள்ளிக்கு எட்டவில்லை. மச்சான் போய் இஞ்சினைக் கழற்றினான்.

"எத்தின வருசம் கடலுக்குப் போனீங்க காக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"போனதே இல்ல. பயம்" என்றார், ஏறி வந்த அலைக்குச் சப்பாத்தை விலக்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு, அவர் சரியென்று சொன்ன தோணியில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.