பனியன் காயட்டும்

கூனிமேட்டில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த வேலை தை பிறந்ததும் நின்றுபோனது. பஸ் ஏறி மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்தில் ஆள் கேட்கிறார்களா என்று விசாரித்தேன். கேட்டார்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரி, திருப்பூர் சாயப்பட்டறை, இறால் பண்ணை என்று எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக நின்றதில்லை. உப்பளத்தில் முதல் வாரமே உள்ளங்கால் வெடித்தது. வெடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். கொஞ்ச நாளில் தோல் தடித்துவிட்டது. பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சாயங்காலம் எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் பாத்திகளுக்குப் பக்கத்தில் இருந்த கெட்டித் தரையில் சிலம்பம் ஆடுவார்கள். எல்லாரும் மேற்கே இருக்கிற ஒரே கிராமத்துக்காரர்கள். மாசி மகத்தன்று அவர்கள் ஊர் அம்மன் கடலுக்குக் குளிக்க வரும்போது முன்னால் ஆடிக்கொண்டு வருவது இவர்கள் வழக்கம். அதற்கான பயிற்சிதான் இது. வேடிக்கை பார்க்க நின்ற என் கையில் மூன்றாம் நாளே ஒரு கம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பின் முனையில் துணி சுற்றியிருக்கும். சுருள்வாளுக்குப் பதிலாக, அட்டைப்பெட்டி கட்டி வருமே அந்த நீல பிளாஸ்டிக் பட்டை. நான்கு பட்டைகளை ஒரு மரப்பிடியில் வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கியிருந்தார்கள். ஆடுவதற்கு முன் கம்பின் முனையையும் பட்டையையும் உப்பு விளையும் பாத்தியில் முக்கி எடுப்பார்கள். ஆடுகிற எல்லாருக்கும் கறுப்பு பனியன். அடி பட்ட உடனே ஒன்றும் தெரியாது. காய்ந்தால்தான் வெள்ளையாகப் பூக்கும். கம்பு பட்டால் பொட்டு, பட்டை பட்டால் கோடு. வேர்வையும் பூக்கும்தான், ஆனால் அது திட்டாக, ஓரம் நெளிந்து இருக்கும். ஆட்டம் முடிந்து எல்லாரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம், கருவாடு காயப்போட்ட மாதிரி. யார் ஜெயித்தது என்பது அப்புறம்தான் தெரியும்.

முதல் நாள் என் பனியன் காய்ந்தபோது, ஆட்டத்துக்குப் பம்பை மேளம் அடிக்கும் பம்பைக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம்பா, இன்னாது இது? ஆடுனியா, இல்ல சுவத்துக்கு வெள்ளை அடிச்சியா?" என்றார்.

பம்பைக்காரருக்கு இடது காது மடலில் பாதி கிடையாது. ஒரு காலத்தில் அவர்தான் அம்மனுக்கு முன்னால் நிஜ சுருள்வாள் வீசியவர். அந்த வாள் நீள நீளமான இரும்புத் தகடு. வீசுகிற கை ஒரு பிடி தாழ்ந்தால் வீசுகிறவன் மேலேயே திரும்பும். காது போன பிறகு அவர் பம்பை அடிக்கப் போய்விட்டார். அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மகத்துக்கு முந்தின நாள் வாள்காரன் எல்லார் முன்னாலும் பட்டையால் ஆடிக் காட்ட வேண்டும். காய்ந்த பிறகு அவன் பனியனில் கோடு இருந்தால் அது அவனுடைய பட்டைதான், எதிராளி கையில் கம்பு மட்டுமே இருக்கும். கோடு விழுந்தவன் வாளைத் தொடக்கூடாது. அதில் பேச்சே இல்லை.

அவருக்குப் பிறகு வாள் வீசுகிறவர் என்னோடு உப்பு வாரிய அண்ணன். பத்து ஆள் கூட்டத்தில் அவரைத் தேட வேண்டாம், அவ்வளவு உயரம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், அதே பாத்தியில் உப்புக் கூடை சுமந்தார். அக்காவின் தம்பிதான் அண்ணனுக்கு எதிரே கம்பு பிடித்து ஆடும் ஜோடி. அவனை எல்லாரும் மச்சான் என்றே கூப்பிடுவோம்.

ஒரு சாயங்காலம் உப்புக் குவியலுக்குப் பின்னால் போனேன். அக்கா அண்ணனுக்குப் பனியன் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து நிற்க, தலை வழியாக இழுத்துவிட்டு, வலது கையைப் பிடித்து மெதுவாக உள்ளே நுழைத்தார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் நான் சிரித்தேன்.

"இன்னாக்கா, அண்ணனுக்கு சட்டை போடக்கூட தெரியாதா?"

"வாய மூடு." சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "கை ஏறல தம்பி. காதுக்கு மேல ஏறல. தல கூட இடது கையாலதான் வாருறாரு. வாய திறந்துடாத. மேஸ்திரிக்கு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள நிறுத்திடுவான்."

உப்பு வாரும் பலகையை இழுக்கக் கையைத் தூக்க வேண்டியதில்லை; இடுப்பு உயரம் போதும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அந்த வேலையே வருஷக்கணக்கில் இழுத்து இழுத்துத் தோளைத் தின்றிருக்கிறது.

"அப்ப வாளு?"

"அதான், வாளு வேணாம்னு நானும் சொல்லிட்டேன். நீ பொம்பள, பயப்படறன்றாரு. பனியன் சொன்னாத்தான் கேப்பாரு. அதையும் காய விட மாட்டேங்கிறாரு, பாத்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் ஆட்டம் முடிந்ததும் அண்ணன் நேராக நல்ல தண்ணீர் டிரம்முக்குப் போவார். குடிக்க, கை கால் கழுவ வைத்திருக்கும் நீல டிரம் அது. பனியனோடு மூன்று நான்கு குவளை தோளில் ஊற்றிக்கொள்வார். "இன்னா வெயிலு" என்பார். நாங்களும் வெயில் என்றுதான் நினைத்தோம்; பனியனில் இருந்த உப்புதான் கரைந்து போயிருக்கிறது.

மகத்துக்கு முந்தின நாள் எல்லாரும் கூடினார்கள். அண்ணன் பட்டையை முக்கி எடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பட்டை காற்றில் சீறியது, மச்சான் கம்போடு உள்ளே புகுந்து புகுந்து வெளியே வந்தான். தெரியாமல் இருந்திருந்தால் நானும் விசில் அடித்திருப்பேன். தெரிந்திருந்ததால் வலது முழங்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தோளுக்கு மேலே போகவேயில்லை. அதற்குப் பதிலாக இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து ஆடினார்.

முடிந்ததும் வழக்கம்போல டிரம் பக்கம் நடந்தார். டிரம் மூடியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரு."

"எதுக்கு?"

"தாகமா இருக்குது."

"தாகம்னா பாட்டில்ல இருக்குது. தம்பி, அண்ணனுக்கு குடு."

நான் பாட்டிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏய், இன்னா விளையாடறியா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பனியன் காயட்டும்."

மச்சான் சிரித்தபடி, "மாமா, எங்க அக்கா உக்காந்த எடத்துல இருந்து எங்க அப்பனாலயே எழுப்ப முடியாது. வந்து உக்காரு" என்றான். பம்பைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

அண்ணன் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. யாரோ பீடி பற்ற வைத்தார்கள். முதலில் நெஞ்சில் இரண்டு பொட்டு பூத்தது. அது மச்சான் கம்பு. அப்புறம் வலது தோளின் பின்னால் ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. கடைசியில் கழுத்துப் பட்டியை ஒட்டி, காதுக்கு நேர் கீழே, அளந்து போட்ட மாதிரி ஒன்று.

அது அவருக்குத் தெரியாது, முதுகுப் பக்கம். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எத்தன?" என்று கேட்டார். பம்பைக்காரர் எழுந்து போய், அந்தக் கழுத்துக் கோட்டில் விரலை வைத்தார்.

"எனக்கு இங்கதான் ஆரம்பிச்சுது" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கைய விட்டா எனக்கு இன்னா இருக்குது? நாளைக்கே மேஸ்திரி காதுக்குப் போயிடும்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"கை எங்க போச்சு? கம்பு பிடி. கம்புக்கு நெஞ்சு வரைக்கும் கை வந்தா போதும்." பம்பைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். "வாளு மச்சானுக்கு. ஏன்னு மேஸ்திரி கேட்டா, மாமன் மச்சானுக்குள்ள சண்ட, மச்சான் வம்படியா வாங்கிட்டான்னு சொல்லுங்க. டேய், நீ கெட்ட பேரு எடுத்துக்குவ இல்ல?"

"எனக்கு இன்னா புதுசா" என்றான் மச்சான். பிறகு பட்டையை எடுத்துப் பாத்தியில் முக்கினான். "மாமா, எழுந்து வா. எனக்கும் பனியன் காயணும் இல்ல?"

இருட்டுவதற்குள் அவனும் ஆடி, காய்ந்து, சுற்றிக் காட்டினான். பொட்டுகள் இருந்தன, கோடு இல்லை. அண்ணன் அவன் முதுகை ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் கடற்கரையில் டிராக்டர் டிராக்டராகச் சாமிகள் வந்து இறங்கின. மணலில் எங்கள் ஆட்கள் ஆட வட்டம் விட்டார்கள். மச்சான் கையில் நிஜ வாள் விரிந்து மணலைக் கீறியது. எதிரே அண்ணன் கம்பைத் தாழப் பிடித்து, அவ்வளவு உயரத்தையும் பாதியாக மடக்கி உள்ளே போனார். இரும்பு அவர் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பம்பை ஒரு கணம் தயங்கியது போல எனக்குப் பட்டது. அக்கா சாமி பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிந்து அம்மன் தண்ணீரில் இறங்கியபோது கூட்டம் அங்கே ஓடியது. அண்ணன் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அக்கா அவர் பின்னால் மண்டியிட்டு, காயத் தொடங்கிய பனியனைத் தோளிலிருந்து இடுப்பு வரை தடவித் தடவிப் பார்த்தார். வெள்ளை இருந்தது, திட்டாக, ஓரம் நெளிந்து.

"இன்னா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. வேர்வை."