மாத்திரைக்குத்தான் சுனைத் தண்ணீர்

கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். மடத்தில் சமைக்கும் கன்னியம்மா போன் செய்தாள். "யக்கா, சாமி குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு, உசுரு போயிடுச்சு" என்றாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெண்பாறை மடத்து ஏகாம்பர சாமியை அறிந்த உங்களுக்கு, ஐந்தாவது வரை படித்த நான் தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

கண்டாச்சிபுரத்துக்கு மேற்கே மடத்தை ஒட்டிய பாறைச் சுனையின் தண்ணீரைக் குடித்தால் தீராத நோவும் தீரும் என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கமெல்லாம் பேச்சு. என் மகள் செல்விக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டால் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவாள். சுனையை நம்புகிறவர்கள் மருந்து தின்னக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மண்டலம் விரதம் என்று அவளை மடத்துக்கு அழைத்துப் போனேன்.

ஒன்பதாம் நாள் சுனைப் படியிலேயே அவளுக்கு இழுத்துக்கொண்டது. சாமி ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். அவளுக்குத் தெளிந்ததும் என்னிடம், "மாத்திரை எங்கம்மா?" என்றார்.

"நிறுத்திட்டேன் சாமி. சுனை பாத்துக்கும்னு..."

"சுனை உங்கிட்ட சொல்லிச்சா? முப்பது வருஷமா இங்கியே கெடக்கறேன், எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல!"

அடுத்த பஸ்ஸிலேயே எங்களோடு விழுப்புரம் வந்தார். ஆஸ்பத்திரியில் காவித்துணியைப் பார்த்து வழிவிட்டார்கள். "வரிசைன்னா எனக்குந்தான்" என்று கடைசியில் போய் நின்றார். டாக்டர், தூக்கம் அதிகம் வராத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "முன்ன ஒருத்தர் சக்கரை ஊசிய நிறுத்திட்டு மடத்துல தங்கினாரு. எனக்குத் தெரியும். சும்மா இருந்துட்டேன். செத்துப்போனாரு. அவர் சம்சாரம் என் கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போச்சு. அடிச்சிருந்தாத் தேவல."

மறுநாளிலிருந்து, உள்ளங்கையில் மாத்திரை இருந்தால்தான் நோயாளிக்குச் சுனைத் தண்ணீர் ஊற்றினார். "கூட்டம் கொறையுது சாமி" என்று மடத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "உசுரோட கொறையட்டும்" என்றார்.

அவ்வளவு பெரியவர் தன் தப்பை என்னிடம் சொன்னார். என் தப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை. விரதத்துக்கு நடுவில் செல்வி கடையில் முட்டை போண்டா வாங்கித் தின்றுவிட்டாள். விரதம் கெட்டுத்தான் வலிப்பு வந்தது என்று அவள் அழுதபோது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பழி என்மேல் வராமல் போகட்டும் என்று இருந்துவிட்டேன். பத்து வருஷமாக அவள் முட்டையைத் தொடவில்லை.

சாமியைச் சமாதியில் இறக்கிய அன்று, கூட்டத்துக்கு வெளியே அவளை நிறுத்திச் சொன்னேன். "நீ தின்ன முட்டையால இல்லடி. நான் மாத்திரைய நிறுத்துனதாலதான்."

"தெரியும்மா" என்றாள். "சாமிகிட்ட கேட்டேன், அன்னிக்கே சொல்லிட்டாரு. உங்கம்மாவே ஒருநாள் சொல்லும், அதுவரிக்கும் கேக்காதன்னாரு."

"அப்புறம் ஏண்டி முட்டை திங்கல?"

"அந்த போண்டா ஊசிப்போயிருந்துச்சும்மா. அதுலேர்ந்து புடிக்கல."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

நான் சுனையை நம்பிப் போனவள். சாமி என்னை நம்பியிருந்தார் என்பது அவர் போனபிறகுதான் தெரிகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.